வெயில் இல்லாத ஊரின் சிவப்பு ஒயின்

அந்த ஒயினை நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் துணிந்து சொல்கிறேன், அது ஒயினே இல்லை. நாவல்பழம் தின்றவன் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரின் நிறம். வாயில் வைத்தால் பல் கூசும். விழுங்கினால் பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி ஒரு கண் தானாகச் சுருங்கும். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. போதையும் இல்லை, வாசனையும் இல்லை. இதை ஒருவன் பாடுபட்டுப் பயிர் செய்து, பிழிந்து, புட்டியில் அடைத்து, கப்பலேற்றித் தம்பிக்கு அனுப்பியிருக்கிறான். நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால், அதைத் திருடிக் குடித்தவன் என்ற பெயர் எனக்கு வந்தது. நல்ல சரக்கைக் குடித்துவிட்டுக் கெட்ட பெயர் வாங்கினால்கூட மனம் ஆறும்.

அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூர் கொம்யூனில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டில் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா பாம்பு கடித்துச் செத்த வருஷம் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் எசமான் என்னை வயலில் விடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய ஒயின் அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. பட்டணத்திலிருந்து பிரெஞ்சு அதிகாரிகள் வந்தால் புட்டியை எடுப்பது, திறப்பது, ஊற்றுவது எல்லாம் நான்தான். சுபாவத்திலேயே பயந்தவனிடம் சாவி கொடுத்தால் என்ன ஆகும்? அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வாசற்படி வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன்.

எசமானுக்கு ஒயினைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. அவருக்குத் தெரிந்தது புட்டியைப் பற்றி. கையில் வாங்கியதும் கழுத்தைப் பார்ப்பார். தக்கையின் மேல் போர்த்தியிருக்கும் ஈயத் தொப்பியை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்ப்பார். பிரெஞ்சு பேசுவாரே தவிரப் படிக்க வராது, அதனால் படத்தைப் பார்ப்பார். மாளிகைப் படம் போட்டிருந்தால் நல்ல ஒயின். படமே இல்லாவிட்டால் வண்டிக்காரர்களுக்கு. பீப்பாயில் வரும் கெட்டிச் சிவப்பு ஒன்றும் இருந்தது, மை மாதிரி இருக்கும், அது தேர்தல் சமயத்தில் ஓட்டுக்காரர்களுக்கு. இவ்வளவுதான் அவர் கற்ற வித்தை. அவருடைய மச்சினர் ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். பட்டணத்தில் இரண்டு வருஷம் படித்துத் தேறாமல் வந்தவர். எசமான் எதைச் சொன்னாலும் அதை இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வது அவர் வேலை. அவரை நாங்கள் சின்ன எசமான் என்போம்.

எங்கள் ஏரிக்குத் தண்ணீர் பெண்ணையாற்றிலிருந்து வருகிறது. வாய்க்கால் தலைப்பு இருந்தது இங்கிலீஷ்காரன் எல்லையில். அங்கே மதகுப் பலகையைத் தூக்கினால்தான் இங்கே பிரெஞ்சு எல்லையில் எங்கள் ஏரி நிறையும். அந்தப் பலகை கடலூரில் இருந்த ஒரு என்ஜினீயர் துரையின் கையில் இருந்தது. ஆகவே எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கோழி போகும், வாழைத்தார் போகும், பிராந்திப் புட்டி போகும். ஓர் ஆவணி மாதம் துரை சொல்லி அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலைப் பார்க்க வருகிறேன், மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில், என் அண்ணன் தோட்டத்து ஒயின் ஒரு புட்டி தருகிறேன், ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், சேர்ந்து குடிப்போம் என்று. எசமான் என்னை அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை கடலூர் போய்ச் சேர்ந்தேன். துரையின் பங்களா பட்லர் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் ஈயத் தொப்பி இல்லை. மொட்டைத் தக்கை. சீட்டில் மாளிகை இல்லை, கையால் மசியில் எழுதிய இரண்டு வரிதான்.

“இது இன்னாங்க இப்பிடி இருக்குது?” என்றேன்.

“வூட்டுச் சரக்குப்பா. துரையோட அண்ணாரு பட்டாளத்த வுட்டு வந்து சீமையில மலைச்சரிவுல திராட்ச போட்டிருக்காரு. அந்த ஊர்ல வருசத்துக்கு நாலு நாளு வெயில் அடிச்சாலே பெரிசாம். பாத்து எடுத்துக்கினு போ. குளிர் நாட்டுது, சூடு பட்டா கெட்டுப்பூடும்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆவணி வெயில் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புட்டியை வைக்கோலில் சுற்றி, ஈரத்துண்டில் முடிந்து, கைக்குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு நடந்தேன். துண்டு காய்ந்துபோகும். காய்ந்ததும் நிழல் தேடி ஓடுவேன். எல்லைச் சாவடியில் காவல்காரன் முடிச்சை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஊர்ல இருக்கறவன்லாம் இங்கேந்து அங்க சரக்கு கடத்துறான். நீ அங்கேந்து இங்க கொண்டாற. உனுக்கு மூளை கீள எதனா இருக்குதா?” என்று கேட்டு, இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்து, அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டான். புட்டியைத் தொட்டால் சுட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி, புட்டியைக் கழுத்து வரை முக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் வருவதற்குள் இன்னும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். இரண்டாம் தடவை தூக்கிப் பார்த்தபோது சீட்டில் இருந்த மசி கரைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எத்தனை தடவை இழுத்துப் பார்த்தேன் என்று நினைவில்லை.

விருந்தாளிக்கு வைக்கப்போகும் எந்த ஒயினையும் முதல் நாளே திறந்து ஒரு வாய் பார்ப்பது எசமான் வழக்கம். வந்தவன் முன்னால் புளித்துக் கிடந்தால் மானம் போய்விடும் என்பார். சனிக்கிழமை மத்தியானம் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மச்சினரும் பக்கத்தில் இருந்தார். எசமான் வழக்கப்படி கழுத்தை நகத்தால் தட்டினார். தக்கையில் பட்டுச் சத்தமே வரவில்லை.

“தொப்பி எங்கடா?”

“தொப்பி இல்லாமதான் குடுத்தாங்க எசமான்.”

“தொப்பி இல்லாம துரை புட்டி அனுப்புவானா?”

மச்சினர் புட்டியை வாங்கித் திருப்பினார். “சீட்டப் பாருங்க மாமா. ஊறிப்போயிருக்குது. இவன் ஏதோ கையாடியிருக்கான்.”

“வாய்க்கால்ல நனைச்சேன் சின்ன எசமான். சூடு பட்டா கெட்டுப்பூடும்னு பட்லர் சொன்னாரு.”

“வாய்க்கால்ல நனைச்சானாம் மாமா. வெளியவா உள்ளயாடா?”

எசமான் சிரிக்கவில்லை. திறக்கச் சொன்னார். திறந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன். தம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் விரல்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. மோதிரத்தின் கல் கூடத் தெரிந்தது. அப்போதே தெரிந்துவிட்டது நான் தொலைந்தேன் என்று. ஒரு வாய் குடித்தார். எழுந்து போய் முற்றத்தில் துப்பினார்.

“எவ்வளவுடா குடிச்ச?”

“சத்தியமா ஒரு சொட்டு இல்ல எசமான்.”

“பாதிய குடிச்சிட்டு பாதி வாய்க்கால் தண்ணிய ரொப்பியிருக்க. பாசி நாத்தம் அடிக்குது.”

“அந்த ஊர்ல வெயிலே இல்லியாம் எசமான். அதனால இப்பிடித்தான் இருக்கும்போல.”

“வெயிலே இல்லாத ஊர்ல எவன்டா திராட்ச போடுவான்? துரையோட அண்ணன் இன்னா பைத்தியமா?”

கரும்பு விளையாத மண்ணில் கரும்பு போடுகிறவனை எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பெரிய மனிதர், பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்தவர், வருஷா வருஷம் வேண்டுமென்றே இதைச் செய்கிறார் என்பதை நானே நம்பவில்லை, எசமான் எப்படி நம்புவார்? எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. தக்கை வழியாக வாய்க்கால் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று.

எசமான் கணக்காக யோசித்தார். “நாளைக்கு துரை இத வாயில வெச்சா இன்னா நெனைப்பான்? இவன் வூட்டு ஆளு திருடிட்டான்னு நெனைப்பான். கோவத்துல பலகைய எறக்கிட்டா எத்தினி காணி காயும்னு தெரியுமாடா உனுக்கு?” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “பீப்பாய்ல இருக்கறத ஊத்தி செவப்பாக்கு. நீ ஊத்தின தண்ணிய நீயே மூடு. நாளைக்கு துரை ஒரு வார்த்த தப்பா சொன்னான்னா சாவிய வெச்சுட்டுப் போயிடணும். அப்புறம் இந்த கொம்யூன்ல ஒரு களத்துலயும் உன்ன எவனும் சேக்கமாட்டான். திருட்டுப் பயலுக்கு வேலை குடுக்காதன்னு நானே சொல்லி அனுப்பறேன்.”

“ஒரு பிடி சக்கரையும் போடுடா,” என்றார் மச்சினர்.

சாப்பிட வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு என் பெண்சாதி எதிரே உட்கார்ந்தாள்.

“மெய்யாலுமே குடிக்கலியா நீ?”

“நீயும் கேக்கறியாடி?”

“கேட்டா இன்னா? சும்மா சொல்லு. ஒரு வாயி கூடவா?”

“இல்ல.”

“குடிச்சிட்டாவது வந்திருக்கலாம். வாங்கிக் கட்டிக்கினதுக்கு ஒரு ருசியாவது மிஞ்சியிருக்கும்,” என்றாள். அப்புறம் குரல் தாழ்ந்துபோய், “சாவி போனா நாம எங்கய்யா போறது, ரெண்டு புள்ளைய வெச்சிக்கினு?” என்றாள். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்து பீப்பாய் அறையில் கலக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதுவரை நான் அந்தப் புட்டியில் எதையும் ஊற்றாதவன். இப்போது எசமான் சொல்லுக்காக ஊற்றப்போகிறேன். ஊற்றிவிட்டால் அவர் சொன்னது நிஜமாகிவிடும். ஊற்றாவிட்டால் இன்றைக்கே சாவி போய்விடும். ஊற்றினேன். ஆனால், பாதியை முதலில் ஒரு காலிப் புட்டியில் வடித்து எடுத்துக்கொண்டேன். எதையும் கீழே கொட்ட எனக்குப் பயம். எப்போது யார் எதைக் கேட்பார்களோ என்று உடைந்த தக்கையைக்கூட வைத்திருக்கிறவன் நான். வடித்ததில் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். முதலிலேயே சொன்னேனே, அதுதான். அந்தப் புட்டியைக் காடி ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மீதிப் பாதியில் பீப்பாய்ச் சிவப்பைக் கழுத்து வரை நிரப்பிச் சர்க்கரை போட்டுக் குலுக்கினேன். நல்ல கறுஞ்சிவப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். நெட்டை மனிதர், வெயிலில் வெந்து கறிக்குழம்பு நிறத்தில் இருந்தார். இங்கிலீஷ் எசமானுக்கு வராது, பிரெஞ்சு துரைக்கு வராது, இருவருக்கும் நடுவில் தமிழ்தான். துரையின் தமிழ் கூலியாட்களிடம் கற்றது. சாப்பாட்டுக்கு நடுவில் எசமான் பெரிய மரியாதையோடு அந்தப் புட்டியை எடுக்கச் சொன்னார். நான் ஊற்றினேன்.

துரை ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“இது நல்லா இருக்குது,” என்றார்.

எசமான் முகம் மலர்ந்தது. “துரை வூட்டு ஒயினாச்சுங்களே.”

“இல்லே. நல்லா இருக்குது. அதான் தப்பு.”

மச்சினர் இலையில் கிடந்த கறிவேப்பிலையை ஒதுக்க ஆரம்பித்தார்.

“என் அண்ணன் பண்ற ஒயின் நல்லா இருக்காது,” என்றார் துரை. “ரொம்ப வருஷம் பண்றான். ஒரு வாட்டி கூட நல்லா இல்லே. தண்ணி மாதிரி இருக்கும், புளி மாதிரி இருக்கும். இது வேறே. என் அண்ணன் ஒயின் எங்கே?”

“இதுதானுங்க துரை அது,” என்றார் எசமான். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தம். நின்றிருந்தால் துரை சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார், சாயந்திரம் என் இடுப்பிலிருந்து சாவி போயிருக்கும், என் பிள்ளைகள் திருடன் பெற்ற பிள்ளைகளாக வளர்ந்திருக்கும். தைரியம் வந்தது என்று எழுத மாட்டேன், வரவில்லை. பயம் இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்துப் பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். பீப்பாய் அறைக்குப் போய், காடி ஜாடிக்குப் பின்னாலிருந்த புட்டியை எடுத்து வந்து, ஒரு புதுத் தம்ளரில் துரைக்கு ஊற்றினேன்.

துரை குடித்தார். அவருடைய ஒரு கண் சுருங்கியது. எனக்கு நேற்று சுருங்கிய அதே கண். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“இதான். இதான் அவன்,” என்றார். “எவ்ளோ மோசம், பாரு.” சொல்லிவிட்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார். என்ன ஜன்மம் இவர்கள் என்று நினைத்தேன். ஒருவன் மோசமாகச் செய்கிறான், இன்னொருவன் மோசம் என்று சொல்லிக்கொண்டே ஆசையாகக் குடிக்கிறான். பிறகு, “அப்போ அது ஏன் வெச்சீங்க?” என்று கறுஞ்சிவப்பைக் காட்டிக் கேட்டார்.

எசமான் கண் சிமிட்டும் நேரம்தான் யோசித்தார். “துரை ரெண்டையும் ருசி பாக்கட்டும்னு நான்தான் வெக்கச் சொன்னேன். சும்மா ஒரு வெளையாட்டு.”

“அப்போ நீங்களும் இது குடிங்க.”

எனக்கு அதைவிட நல்ல உத்தரவு அந்த வீட்டில் கிடைத்ததில்லை. எசமானுக்கு விளிம்பு வரை ஊற்றினேன். மச்சினருக்கும் விளிம்பு வரை. துரை பார்த்துக்கொண்டிருந்ததால் முற்றத்துக்குப் போகவும் வழியில்லை. நேற்று ஒரு வாய்க்கே எழுந்து ஓடிப்போய்த் துப்பிய மனிதர் இன்று முழுத் தம்ளரையும் மடக்கு மடக்காக இறக்கி, உதட்டைத் துடைத்து, “அருமையா இருக்குதுங்க,” என்றார். “பட்டணத்துல கூட இந்த மாதிரி கெடைக்காது மாமா,” என்றார் மச்சினர், கண்ணில் தண்ணீரோடு. இத்தனை வருஷம் இவர்கள் நாக்குக்குப் பயந்துதானே பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

துரை போன பிறகு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எசமான் பல் குத்திக்கொண்டே, “இன்னாடா மரம் மாதிரி நிக்கற? புட்டியக் கழுவி வை,” என்றார்.

“நான் குடிக்கலன்னு நாலு பேருகிட்ட சொல்லிடுங்க எசமான். ஊர்ல வேற மாதிரி பேசிக்கறாங்க.”

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டதுபோல என்னைப் பார்த்தார். “நீ குடிச்சன்னு எவன்டா சொன்னான்?”

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? சாவி என் இடுப்பிலேயே இருந்தது. அவிழ்த்து அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்திருக்கலாம். வேறொருவன் என்றால் நடந்திருப்பான். நான் புட்டியைக் கழுவப் போனேன். ஊரில் வருஷக்கணக்காக என்னைப் பார்த்தால், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, உனக்குத்தான் தெரியுமே என்று கேட்டுச் சிரிப்பார்கள். எசமான் ஒரு தடவைகூட அவர்களை அடக்கியதில்லை. ஆனால் வருகிற அதிகாரிகளிடமெல்லாம், குளிர் நாட்டு ஒயினின் நயமே தனி, நம் ஜனங்களுக்கு அது பிடிபடாது என்று பிரெஞ்சில் விளக்குவார்.

அந்த வருஷம் தை மாதம் பட்டணத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் சாப்பிட வந்தார்கள். மாளிகைப் படம் போட்ட புட்டியை எசமானிடம் காட்டினேன். கழுத்தைத் தட்டினார், டக் என்றது. படத்தைப் பார்த்தார், தலையாட்டினார். உள்ளே கொண்டுபோய்த் திறந்தேன். கால்வாசியை வடித்துவிட்டு, வாய்க்காலில் மொண்டு வைத்திருந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி அந்த இடத்தில் ஊற்றினேன். கொண்டுபோய்ப் பரிமாறினேன்.

எசமான் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். “இதாண்டா ஒயின்,” என்றார் என்னிடம். மச்சினர், “மாளிகைச் சரக்குன்னா மாளிகைச் சரக்குதான் மாமா,” என்றார். அதிகாரிகளில் ஒருவர் மட்டும் தம்ளரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார், எனக்கு உயிர் போய் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் வைத்த பெயர் அன்றைக்குத்தான் எனக்குப் பொருந்தியது. அதற்குப் பிறகு செய்யவில்லை. மனசாட்சியால் அல்ல, பயத்தால்தான். அவர்கள் போனதும் அலமாரியைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வாசற்படி வரை போய்த் திரும்பி வந்தேன்.